மறப்பதும் திரும்புவதும்

1666-ஐ ஒட்டிய ஒரு வருடம். பாரிஸிலிருந்த கார்மேல் சபை மடம் ஒன்று, தனக்கு வேண்டிய ஒயினை வாங்கிவரச் சொல்லி ஒரு துறவியைப் பர்கண்டிக்கு அனுப்பியது. ஆளுக்கு வயது ஐம்பதை ஒட்டியோ கடந்தோ இருக்கும். போரில் அடிபட்ட கால். கொடுக்கல் வாங்கல் தனக்கு ஒத்துவராது என்று அவரே சொல்லிக்கொண்டவர். படகில் நடமாட முடியாமல், பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கிறார். அதில் அவருக்குக் கவலை ஒன்றும் இல்லை. இது உம்முடைய காரியம் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு உருண்டார். போன வேலை நல்லபடியாகவே முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

கடவுளின் அருகாமையை உணர்ந்து வாழ்வதைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பாலைவனத் தபசிகள், மறைஞானிகள், ஆயர்கள், இப்போது யூடியூப் போதகர்கள். இத்தனை பேரிலும் இந்தப் பீப்பாய் மனிதரைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவர் அதிகம் எழுதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிறந்தபோது வைத்த பெயர் நிக்கோலா எர்மன். லொரேன் பகுதியில் எரிமெனில் என்ற சிற்றூரில் 1614 வாக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வாலிபனானபோது முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்தில் சேர்ந்தார். ஜெர்மானியப் படையினர் ஒற்றன் என்று பிடித்துத் தூக்கில் போடப் பார்த்தார்கள், தப்பினார். பிறகு ஸ்வீடன் படையோடு நடந்த சண்டையில் காயம்பட்டுக் கால் கெட்டது. பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிப்போய் நின்ற ஒரு மரத்தைப் பார்த்து, இதில் மறுபடி இலை வரும், பூ வரும், காய் வரும் என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்பில் தனக்குக் கிடைத்தது பிறகு ஒருநாளும் அழியவில்லை என்றார். பக்தி எழுத்தாளர்கள் இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதாயில்லை. எனக்கு மரத்தைவிட அதற்குப் பின் நடந்தவைதான் முக்கியமாகப் படுகின்றன. தனியாகத் தவமிருக்கப் போனார், சரிப்படவில்லை. அரசுக் கருவூல அதிகாரி ஒருவரிடம் ஏவலாளாக இருந்தார்; கை பட்டதெல்லாம் உடைந்ததாம். 1640-ல் பாரிஸின் வோஜிரார் தெருவிலிருந்த மடத்தில் சேரும்போது அவரிடம் ஒரு கணக்கு இருந்தது: இந்தக் கைத்தவறுகளுக்கெல்லாம் இங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம், அதையே கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிடலாம். கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார், எனக்கு இங்கே திருப்தியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்ற பொருள்பட அவர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

அவர் குருப்பட்டம் பெறவில்லை, படிப்பு குறைவு. அந்தக் கால மடங்களில் இரண்டு வரிசை உண்டு. பாடற்குழுவில் அமர்ந்து லத்தீனில் சங்கீதம் ஓதுகிறவர்கள் ஒரு வரிசை. அடுப்பையும் துடைப்பத்தையும் பார்த்துக்கொள்ளும் சகோதரர்கள் இன்னொரு வரிசை. இவர் இரண்டாம் வரிசை. உயிர்ப்பின் லாரன்ஸ் என்று பெயர் வைத்துச் சமையற்கட்டில் விட்டார்கள். ஏறக்குறைய 15 வருடம் அங்கே இருந்தார். பிறகு செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

சமையல் அவருக்குப் பிடிக்காது. இதைத்தான் நம் பிரசங்கிகள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவரைப் பற்றிய புத்தகங்களின் அட்டைகளில் செம்புப் பாத்திரங்களும் சாளரத்து வெயிலும் இருக்கும்; நடுவில் புன்னகையோடு ஒரு துறவி. அந்தச் சமையற்கட்டின்மேல் அவருக்கு இயல்பாகவே ஒரு வெறுப்பு இருந்தது. செய்யும் வேலையை நேசி, வேலை செபமாகிவிடும் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. வேலை வெறுப்பாகவே இருக்கட்டும், அதை யாருக்காகச் செய்கிறாய் என்பதை மட்டும் மாற்றிக்கொள் என்பதுதான் அவர் கண்ட வழி. பிடித்த வேலையில் கடவுளை நினைப்பது யாருக்கும் முடியும். அல்லது, பிடித்த வேலை செய்யும்போது நாம் கடவுளை வசதியாக மறந்துவிடுகிறோம் என்பதுதான் உண்மைக்கு இன்னும் பக்கம்.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லி முடிக்க ஒரு பத்தி போதும். தியான நூல்கள் சொன்ன முறைகளைப் பார்த்தார், அவை குழப்பின, விட்டுவிட்டார். வேலைக்கு ஊடே கடவுளோடு சொந்த வார்த்தையில் பேசினார். தொடங்கும்போது துணை கேட்டார். நன்றாக முடிந்தால் நன்றி சொன்னார், கெட்டுப்போனால் மன்னிப்புக் கேட்டார். சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக் கடவுள்மேல் வைத்த அன்பினால் செய்தார். அடுத்து வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதுகூட அவருக்குப் போதுமானதாக இருந்தது. மணியடித்து ஒதுக்கிய செப நேரமும் அடுப்படி நேரமும் அவருக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. தனித்திருந்து தியானிக்கும்படி மடத்தலைவர் சொன்னால் போவார், தானாகக் கேட்கமாட்டார்.

இவ்வளவுதானா என்று தோன்றும். இதற்கு அவருக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி ஒரு கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நினைத்த அளவு கடவுளுக்கு உகந்தவனாக இல்லையே என்ற அச்சம், பழைய பாவங்களின் ஞாபகம், விழுவதும் எழுவதும். மனிதர்கள், சொந்த அறிவு, ஏன், கடவுளே தனக்கு எதிராகத் திரண்டுவிட்டதுபோல ஒரு நிலை. மற்றவர்கள் பாடுபட்டு அடையும் இடத்தை நான் எடுத்த எடுப்பில் அடைந்துவிட்டதாக நினைப்பது அகந்தையோ என்று ஒருநாள் தோன்றும். எனக்கு இரட்சிப்பே இல்லையோ என்று இன்னொரு நாள் தோன்றும். கடைசியில், சாகும்வரை இப்படித்தான் இருக்கப்போகிறது, சரி, இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டபோது மாறியது. மாறியதைவிட அந்த ஒத்துக்கொள்ளல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கடவுள் அருகில் இருப்பதாக உணரவேண்டும் என்ற கோரிக்கையையே அவர் கீழே வைத்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் மிகவும் கவனிக்காமல் விடப்பட்டது இன்னொன்று. அவர் மறந்தார். அடிக்கடி மறந்தார். எப்போதும் கடவுள் நினைவாகவே இருந்த மகான் என்று நாம் அவரை ஆக்கிவைத்திருக்கிறோம். அவர் சொன்னதிலோ மறதியைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. கடவுளை நினைக்காமல் கொஞ்ச காலம் ஓடிவிட்டது என்று தெரியவந்தால் அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டார். என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான், நீர்தான் சரிசெய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வார். செபத்தில் மனம் ஓடுகிறது என்று எழுதிக் கேட்டவருக்கும் இதையேதான் பதிலாக எழுதினார்: ஓடினால் ஓடட்டும், மெதுவாகக் கூட்டிவா, அதற்காகக் கலங்காதே, கலங்கினால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

திரும்பி வருவதை ஒரு சடங்காக ஆக்காமல் திரும்பி வருவது. கிறிஸ்தவனுக்கு இது கடினம். நாம் மனஸ்தாபத்தில் வளர்ந்தவர்கள். ஒரு வாரம் வேதம் வாசிக்காமல் விட்டால் எட்டாம் நாள் வாசிப்பதற்கு முன்னால் அந்த ஏழு நாளுக்காக அழவேண்டும் என்று நமக்குள் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பயந்தே ஒன்பதாம் நாளும் விட்டுவிடுகிறோம். இன்றைக்கு வேதாகமச் செயலிகள்கூட எத்தனை நாள் விடாமல் திறந்தோம் என்று எண்ணிக் காட்டுகின்றன. ஒருநாள் தவறினால் எண்ணிக்கை ஒன்றுக்கு வந்துவிடும். லாரன்ஸ் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளவில்லை.

கணக்கு வைத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஃபிராங்க் லாபாக், அமெரிக்க மிஷனரி. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லானாவோ ஏரிக்கரையில் மரனாவோ முஸ்லிம்களிடையே வேலை செய்தார். 1930-ல், நாற்பத்தைந்து வயதில், நிமிடத்துக்கு ஒருமுறையாவது கடவுளை நினைப்பது என்று தீர்மானித்து, நடந்ததையெல்லாம் தன் தகப்பனாருக்குக் கடிதமாக எழுதினார். இன்று இவ்வளவு வெற்றி, இவ்வளவு தோல்வி என்று மதிப்பெண் போடுவார். இந்த முறையை அவர் பிற்காலத்தில் நிமிட விளையாட்டு என்றே அழைத்தார். விளையாட்டு என்றதால் பிழைத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கதையில் மதிப்பெண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடவுளைத் தேடி மாலையில் ஒரு குன்றின்மேல் ஏறி உட்கார்ந்தவருக்கு அங்கே தெரியவந்தது, தான் அந்த மக்களை உள்ளுக்குள் தாழ்வாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது. இறங்கிப் போய் அவர்களுடைய மார்க்க அறிஞர்களிடம் குர்ஆனைக் கற்றுக்கொள்ளக் கேட்டார். அவர்கள் மொழிக்கு ரோமன் எழுத்தில் பாடம் தயாரித்து எழுதப் படிக்கச் சொல்லித்தந்தார். பணம் நின்றுபோனபோது, படித்தவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்லித்தரட்டும் என்று அங்கே பிறந்த ஏற்பாடுதான் பல நாடுகளுக்கும் போன எழுத்தறிவு இயக்கம். கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வு ஒருவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினால் அதை நம்பலாம். அறைக்கதவைச் சாத்தவைத்தால் கொஞ்சம் சந்தேகப்படவேண்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். நெல்லை, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றின் சாப்பாட்டறையில் சட்டமிட்ட ஒரு வாசகம் தொங்கும். இந்த வீட்டுக்குத் தலைவர் யார், மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருப்பவர் யார், இங்கே பேசுவதையெல்லாம் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று அது சொல்லும். பெரியவர்கள் முதல் இரண்டைப் படிப்பார்கள். பிள்ளைகளுக்குள் இறங்குவது மூன்றாவதுதான். ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு அறிமுகமானவர் பெரும்பாலும் தெருமுனைக் கேமரா மாதிரி ஒரு கடவுள்: தூங்காது, எல்லாவற்றையும் பதியும், தேவைப்படும்போது எடுத்துக் காட்டும். இந்தக் கடவுள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரோ அவ்வளவு மூச்சுமுட்டும். பெரியவர்களான பின் பலர் சபையை விட்டு ஓடுவது கடவுள் இல்லை என்று கண்டுபிடித்ததால் அல்ல. அவர் கண்ணிலிருந்து தப்பிக்கத்தான்.

வேதாகமத்துக்கு இது தெரியாததில்லை. 139-ஆம் சங்கீதத்தை ஆறுதல் சங்கீதமாகவே நாம் வாசிக்கிறோம். அதைப் பாடியவன் எங்கே ஓடுவது என்று கேட்டுவிட்டுத்தான் ஆறுதலுக்கு வருகிறான். யோபு இன்னும் வெளிப்படை. நான் எச்சில் விழுங்கும் நேரத்துக்காவது கண்ணை என்னைவிட்டு எடுக்கமாட்டீரா என்று ஏழாம் அதிகாரத்தில் கேட்கிறான். அப்படிக் கேட்டதற்காகப் புத்தகம் அவனைத் தள்ளிவிடவில்லை. கடைசியில் கடவுளின் கோபம் அவனுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள் பக்கம்தான் திரும்புகிறது. ஆதியாகமத்தில் ஆகார் இருக்கிறாள். எகிப்திய அடிமைப் பெண், கர்ப்பிணி, எஜமானி சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிவந்தவள். அங்கே ஒரு நீரூற்றருகே கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். கடவுளுக்குப் பெயர் வைக்கும் துணிச்சல் அந்தப் புத்தகத்தில் முதலில் ஓர் அடிமைப் பெண்ணுக்குத்தான் வருகிறது. யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒருத்திக்கு, தன்னையும் ஒருவர் பார்க்கிறார் என்பது பயமாக இருக்க முடியாது. கடவுள் பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் ஆகாரிலிருந்து தொடங்கினால் என்ன?

இன்னொரு பக்கம், அருகாமையை ஒரு மனநிலையாகத் தயாரிக்கும் கலையும் நம்மிடம் நன்றாக வளர்ந்துவிட்டது. கீபோர்டில் ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்துவார்கள், விளக்கைக் குறைப்பார்கள், போதகர் குரலைத் தாழ்த்தி, பிரசன்னம் இறங்குகிறது, உணருகிறீர்களா என்று கேட்பார். அழுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். வாரம் முழுக்க அழ இடமில்லாதவர்கள் அங்கேதான் அழமுடியும். ஆனால் திங்கட்கிழமை காலை டவுன் பஸ்ஸில் கீபோர்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உணர்ந்தது உணர்வாகவே இருந்து, அது இல்லாதபோது கடவுளும் இல்லை என்று ஆகிவிட்டால், அந்த மனிதனுக்கு வாரத்தில் ஆறு நாள் கடவுள் இல்லை.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகம் அதிர்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், நடுவில் சிறிது காலம் நீங்கலாக, அவர் கடவுளின் அருகாமையை உணரவே இல்லை. உள்ளே இருள்தான். தன் ஞானத்தந்தையர்களுக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தார், அவர்கள் அழிக்கவில்லை. நாத்திகர்கள் சிலர், பார்த்தீர்களா, அவரே நம்பவில்லை என்றார்கள். பக்தர்கள் அவசர அவசரமாக விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்தக் கடிதங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் விடியற்காலையில் எழுந்து, எதையும் உணராமலே ஒரு முன்னிலையில் முழங்காலிட்டு, பிறகு கொல்கத்தாவின் தெருவுக்குப் போய் யாரையோ கழுவித் துடைத்தவர், அந்த முன்னிலையை அறியவில்லை என்று எப்படிச் சொல்வது? லாரன்ஸுக்குப் பத்து வருடத்தில் வெளிச்சம் வந்தது, இவருக்கு வரவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்.

லாரன்ஸின் புத்தகம் நமக்கு வந்து சேர்ந்த விதத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் 1666 ஆகஸ்ட் 3 அன்று அவரை முதல்முறையாகச் சந்தித்தார். கடவுளுக்கு ஊழியம் செய்யும் எண்ணம் உண்மையானால் எத்தனை முறை வேண்டுமானாலும் வாரும், இல்லையென்றால் வரவேண்டாம் என்று சமையற்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். குரு திரும்பத் திரும்ப வந்தார். நான்கு உரையாடல்களின் குறிப்பு அவரிடம் தங்கியது. லாரன்ஸ் 1691 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த ஆண்டும் 1694-லும் அந்தக் குறிப்புகளையும் கிடைத்த கடிதங்களையும் போஃபோர் வெளியிட்டார். நேரம் சரியில்லை. மனம் முழுக்கக் கடவுளிடம் அடங்கிவிட்டால் போதும் என்ற போக்கைப் பற்றி பிரெஞ்சுத் திருச்சபையில் பெரும் சண்டை மூண்டது. ஆயர் பொசுவே ஒரு பக்கம், லாரன்ஸை நேரில் கண்டு மதித்த பேராயர் ஃபெனெலோன் மறுபக்கம். 1699-ல் ஃபெனெலோனின் நூலிலிருந்து 23 கூற்றுகளைப் போப்பாண்டவர் கண்டித்தார். லாரன்ஸைக் கண்டிக்கவில்லை என்றாலும், அவர் சொந்த ஊரில் அவரைப் பற்றிய பேச்சு அடங்கியது. புராட்டஸ்டண்டுகள்தான் எடுத்துப் பாதுகாத்தார்கள். ஜான் வெஸ்லி தன் நூல்வரிசையில் சேர்த்தார். கத்தோலிக்கச் சமையற்காரர் நம் சிஎஸ்ஐ பிரசங்க பீடங்களுக்கு வந்த வழி இதுதான். பொசுவேயின் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. அடுப்படியிலேயே கடவுள் கிடைத்துவிட்டால் ஆலயம் எதற்கு, அப்பம் எதற்கு, மனந்திரும்புதல் எதற்கு என்று ஒரு சோம்பேறி கேட்கலாம். ஆனால் லாரன்ஸ் அந்தச் சோம்பேறி இல்லை. மடத்து ஒழுங்கு ஒன்றையும் அவர் விடவில்லை.

எனக்குள்ள சங்கடம் வேறு. சமையற்கட்டிலும் கடவுளைக் காணலாம் என்று சொல்கிறவர்கள் யார், கேட்கிறவர்கள் யார்? குறிப்பெடுத்தவர் மேல்வரிசைக் குரு. பாராட்டியவர் பேராயர். முட்டை அடையைத் திருப்பியவர் கீழ்வரிசை. பிடிக்காத வேலையில் இருக்கும் ஒருவனுக்கு, அங்கேயே கடவுள் இருக்கிறார், அதனால் அங்கேயே இரு என்று சொல்வது எஜமானர்களுக்கு எவ்வளவு வசதி! அவிலாவின் தெரேசாவும் தன் சகோதரிகளுக்குப் பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று எழுதினார்தான். ஆனால் அவர் மடங்களைத் தொடங்கி, தலைவியாக இருந்தபோதும் அடுப்படி முறைக்குத் தானும் நின்றவர். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேலுக்கும் இருந்தது. தமிழ்ப் பெண்கள் குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்துக்கொண்டிருந்தவர், 1901-க்குப் பிறகு, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஊர் சுற்றுவதை விட்டார். பாலூட்டுவதும் குளிப்பாட்டுவதும் சுவிசேஷ வேலையா என்று சக மிஷனரிகள் கேட்டார்கள். பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்று நம் ஊரில் சொல்வதை அவர் எடுத்து எழுதியிருக்கிறார். கட்டுப்படச் சம்மதித்தார். ஆத்துமாவைக் காப்பாற்றவேண்டும் என்றால் அது குடியிருக்கும் உடம்பைக் கழுவத்தான் வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1931-ல் விழுந்து அடிபட்டபின் சாகும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். அங்கிருந்து எழுதியவற்றில் வலியும் இருக்கிறது, தூக்கமில்லாத இரவும் இருக்கிறது. அதனால்தான் அவை இன்னும் வாசிக்கப்படுகின்றன.

எல்லா வேலையும் கடவுளை நினைக்க இடம் தரும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிமோன் வெய்ல் தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை பாரிஸ் தொழிற்சாலைகளில், கடைசியாக ரெனோ மோட்டார் ஆலையில், கூலிக்கு வேலை செய்தார். பீஸ் கணக்கில் கூலி. வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால் யோசிப்பதை நிறுத்தவேண்டும் என்று அங்கே கண்டார். அடிமை முத்திரை தன்மேல் விழுந்துவிட்டது என்று எழுதினார். அதே பெண் 1941-ல் தென்பிரான்சில் திராட்சை அறுவடைக்குப் போனபோது, கிரேக்கத்தில் மனப்பாடம் செய்த கர்த்தருடைய செபத்தைத் தோட்டத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு நோக வேலை செய்த இடங்கள்தான் இரண்டும். ஒன்று மனத்துக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டது, மற்றது விடவில்லை. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டும் பெண்ணிடம் போய் லாரன்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அவளுக்கு மூச்சுவிட நேரம் தருகிறார்களா என்று பார்க்கவேண்டும். நேரத்தைப் பறிக்கிறவன் செபத்தையும் பறிக்கிறான். இதையும் ஆலயத்தில் சொல்லவேண்டும், நான் கேட்டதில்லை.

வெய்ல், செபத்தில் கவனம் ஒரு துளி சிதறினாலும் முதலிலிருந்து தொடங்குவாராம், முழுக்கச் சிதறாமல் ஒருமுறை சொல்லி முடிக்கும்வரை. எனக்கு லாரன்ஸ்தான் ஒத்துவருகிறார். விட்ட இடத்திலிருந்து போதும்.

நம் பாட்டிமார்கள் இந்த இருவரையும் வாசித்ததில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது ஆண்டவரே என்பார்கள். அரிசி களைந்து உலையில் போடும் முன் ஒரு சிலுவை. பழைய கத்தோலிக்க வீடுகளில் கை தவறி ஒன்று விழுந்தால் வாய் தானாகச் சேசு மரி சூசை என்னும். கடற்கரை ஊர்களில் செபத்துக்கு அழைக்கும் திருந்தாதி மணி அடித்தால் வலை பின்னுகிற கை ஒருகணம் நிற்கும். பெரும்பாலும் பழக்கம்தான், பாதி நேரம் அவர்களுக்கே சொன்னது தெரியாது. பழக்கம் என்றால் மட்டமா? ஐந்தாம் நூற்றாண்டில் காசியான் எகிப்துத் துறவிகளிடம் கேட்டு எழுதிவைத்ததும் ஒரே ஒரு சங்கீத வரியை உட்காரும்போதும் எழும்போதும் சொல்லிப் பழகுவதைத்தான். மனம் மறந்தபோதும் வாய் ஞாபகம் வைத்திருக்கும். என்றைக்காவது ஒருநாள் மனம் திரும்பி வரும்போது வாய் அங்கே ஏற்கனவே இருக்கும். படித்த கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த முணுமுணுப்பை மூடப்பழக்கம் என்று விட்டோம்; அதற்குப் பதிலாக வேறெதையும் பழகிக்கொள்ளவில்லை.

போதகர்களுக்கும் பங்குச்சாமிகளுக்கும் ஒரு விண்ணப்பம். சகோதரர் லாரன்ஸைப் பற்றி இனிமேல் பெண்கள் ஐக்கியத்தில் பேசாதீர்கள். அவர்களுக்கு அந்த அடுப்படி தெரியும். ஆண்கள் ஐக்கியத்தில் பேசுங்கள். அவர் ஆண் என்பதையும், சமையல் அவருக்குப் பிடிக்காது என்பதையும், அப்படியும் 15 வருடம் அங்கே நின்றார் என்பதையும் சொல்லுங்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும், பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாய்வதற்கு முன், அந்தப் பத்துப்பாத்திரத்தைத் தேய்க்க அவர்களை அனுப்புங்கள். நீங்களும் தேயுங்கள்.